புடவை இல்லாமல் ஃபால்ஸ் தைத்த கதை: வடசென்னை டாக்டரம்மாக்களுக்கு ஒரு மடல்

வடசென்னையில் மகளிர் மருத்துவம் பார்க்கும் டாக்டரம்மாக்களுக்கு (ஆண் டாக்டர்களும் படிக்கலாம்),

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, 22 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். வயது 51. பீரியட்ஸ் நின்று இரண்டு வருடம் ஆகிறது. எழுதுவதற்கு இந்த இரண்டு தகுதிதான் எனக்கு உண்டு.

அளவெடுக்கும்போது பெண்கள் பேசிவிடுவார்கள். டேப் உடம்பைச் சுற்றியிருக்கும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அதனாலோ என்னவோ. நாற்பத்தைந்து தாண்டியவர் யார் என்று நான் வயது கேட்காமலே சொல்லிவிடுவேன். "லைனிங் வேணாம்மா, எரியுது" என்பார். போன தீபாவளிக்குப் பட்டில் கேட்டு அடம் பிடித்தவர் இந்தத் தீபாவளிக்குக் காட்டனே போதும் என்பார். அளவு ஜாக்கெட்டில் கைக்குழி இறுகியிருக்கும், தையலைப் பிரித்து உள்ளே விட்ட துணியை எல்லாம் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் மெல்ல வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு. தலையணை நனைகிறது. முட்டி வலி. காரணமே இல்லாமல் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவது. சிலர் குரலை இன்னும் தாழ்த்தி, ஒன்றுக்குப் போனால் எரிகிறது, வீட்டுக்காரர் கிட்டே வந்தால் வலிக்கிறது என்பார்கள்.

டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் ஒரே பதிலைத்தான் கொண்டு வருகிறார்கள்: "இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கிறதுதாம்மா." கூடவே ஒரு கால்சியம் அட்டை. உங்கள் வாசலில் நிற்கும் வரிசை எனக்குத் தெரியும், அதைக் குறை சொல்ல வரவில்லை. பிள்ளை பெற எங்கள் பக்கம் ராயபுரத்தில் 1880 முதல் ஆஸ்பத்திரி இருக்கிறது. நானும் அங்கேதான் பிறந்தேன், என் மகளும் அங்கேதான் பிறந்தாள். அந்த நன்றி என்றைக்கும் உண்டு. ஆனால் பிள்ளை பெற்று முடித்த பிறகு ஒருத்திக்கு முப்பது வருட ஆயுள் பாக்கி இருக்கிறதே, அதைப் பற்றி யாரிடம் பேசுவது? நீங்கள் பேசாமல் விட்ட இடத்தில் வேறு ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கொருக்குப்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் என் வாடிக்கையாளர். நாள் பூராவும் ஆவியில் நிற்பவருக்கு உடம்புக்குள்ளும் ஒரு அடுப்பு எரிந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். அவர் ஒரு "வெல்னஸ்" கிளினிக்குக்குப் போனார். ஏசி அறை, கையில் எலுமிச்சை ஜூஸ், முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டார்களாம். "என் வாழ்நாள்ல யாரும் என்னை அவ்ளோ நேரம் கேட்டதில்ல" என்றார். பெப்டைட் தெரபி என்று பெயர் சொன்னார்கள். இயற்கையானது, பக்கவிளைவு கிடையாது, மெனோபாஸுக்கு, அதாவது மாதவிடாய் நிற்கும் பருவத்துக்கு, இது துணை சிகிச்சை என்றார்களாம். அக்கா வளையலை அடகு வைத்துப் பத்து ஊசிக்குப் பணம் கட்டினார். நாலு போட்ட பிறகு, மீதியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லிக் குப்பிகளைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

என் மகள் பி.ஃபார்ம் படிக்கிறாள். அக்கா அந்தக் குப்பியைக் கடைக்குக் கொண்டு வந்த அன்று அவளும் அங்கே ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்தாள். லேபிளைத் திருப்பிப் பார்த்தவள் முகம் மாறியது. தயாரிப்பு உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை. பொடி எழுத்தில், ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் இருந்தது. உள்ளே இருப்பதாக எழுதியிருந்தது இபாமோரலின், அதாவது வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் சரக்கு. அந்த ஹார்மோன் ஏறினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, ரத்தச் சர்க்கரை ஏறும். அக்காவுக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம்! முக்கால் மணி நேரம் கேட்டவர்கள் இதை மட்டும் கேட்கவில்லை.

பெப்டைட் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. அமினோ அமிலங்களை மணி போலக் கோத்த சின்னச் சரம்தான் அது. என் அம்மா தினமும் குத்திக்கொள்ளும் இன்சுலினும் 51 மணி கோத்த பெப்டைட்தான். மாதவிடாய் நின்ற பெண்களில் எலும்பு நொறுங்கும் ஆபத்து அதிகம் இருப்பவர்களுக்கு டெரிபராடைட் என்ற ஊசி இருக்கிறது. பாராதைராய்டு ஹார்மோனின் முதல் 34 மணிகளை மட்டும் எடுத்துச் செய்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2002 இல் அனுமதித்தது, நம் ஊரிலும் டாக்டர் சீட்டுக்குக் கிடைக்கிறது. எலும்புக்கு அது நல்ல மருந்து, உடம்புச் சூட்டுக்கு ஒன்றும் செய்யாது. எங்கள் தொழிலில் "துணி" என்ற ஒரே சொல்லில் காஞ்சிப் பட்டும் அடங்கும், பட்டு என்று தலையில் கட்டும் பாலியஸ்டரும் அடங்கும். பெப்டைட் என்ற சொல்லும் அப்படித்தான்.

பாலியஸ்டர் வரிசையில் முதலில் நிற்பது பிபிசி-157. பதினைந்து மணிச் சரம். பெரும்பாலும் எலிகளில் பார்த்ததை வைத்துக்கொண்டு மூட்டுக்கு, குடலுக்கு, தூக்கத்துக்கு என்று விற்கிறார்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2022 இல் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. கொலாஜன் பொடி வேறு கதை. மாட்டுத் தோலிலிருந்தோ மீன் தோலிலிருந்தோ எடுப்பது, பாலில் கலக்கிக் குடிப்பது, காசைத் தவிர பெரிய நஷ்டம் இல்லை. காசிமேட்டில் வெட்டி எறிவதை டப்பாவில் அடைத்து நம்மிடமே விற்கிறார்களே என்ற எரிச்சல் மட்டும் எனக்கு உண்டு.

மகள் சொன்னதில் எனக்குச் சிரிப்பு வந்த விஷயம் ஒன்று. மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் மூளையில் நியூரோகினின்-பி என்ற பெப்டைட்டின் ஆட்டம் கூடிவிடுகிறது. உடம்பின் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் இடத்தை அது கிளறிவிடுவதால்தான் குப்பென்று சூடு கிளம்புகிறது. அந்த பெப்டைட்டின் வேலையைத் தடுக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரையை 2023 இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். கல்லீரலைக் கவனிக்கச் சொல்லிப் பின்னால் எச்சரிக்கையும் சேர்த்தார்கள். ஆகக்கூடி, இந்தச் சூட்டுக்கு அவர்கள் அனுமதித்த மருந்து ஒரு பெப்டைட்டை அடக்குகிறது. கிளினிக்கில் ஏற்றுகிறார்கள்!

அந்தத் "துணை" என்ற சொல்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. எதற்குத் துணை? அக்காவுக்கு முதன்மை சிகிச்சை என்று யாரும் எதையும் தரவில்லையே. புடவையே இல்லை, ஃபால்ஸ் மட்டும் தைத்துக் கூலி வாங்கிவிட்டார்கள்.

புடவை உங்களிடம் இருக்கிறது. எனக்கு வாய்த்த டாக்டரம்மா பத்து நிமிடம் ஒதுக்கி விளக்கினார். சூட்டுக்கு ஈஸ்ட்ரோஜன் அளவுக்குக் கேட்கும் மருந்து வேறு இல்லை. கர்ப்பப்பை இருப்பவர்கள் கூடவே புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் எடுக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு இது ஆகாது. 2002 இல் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்ததும் உலகமே இந்த மருந்தைப் பார்த்துப் பயந்ததாம். ஆனால் அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், அல்லது நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மையே அதிகம் என்கிறார்கள். ஒரு வருடம் நின்றபின் திரும்ப ரத்தம் பட்டால் உடனே ஓடி வா என்றார். இந்தக் கடைசி விஷயத்தை என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. "திரும்ப வந்துடுச்சு, இன்னும் இளமைதான்" என்று சந்தோஷப்பட்டவரும் இருக்கிறார்.

இந்தப் பத்து நிமிடம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வருபவரிடம் தூக்கம் எப்படி என்று நீங்களாகவே ஒரு கேள்வி கேளுங்கள். வெளியே ஏதாவது ஊசி போடுகிறாயா என்றும் கேளுங்கள், திட்டாமல். திட்டினால் மறைத்துவிடுவோம். அப்புறம், மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்வதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954 இலேயே சட்டம் வந்துவிட்டது. ஷேர் ஆட்டோவின் முதுகில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பற்றி நான் புகார் எழுதினால் யார் படிப்பார்கள்? உங்கள் லெட்டர்ஹெட்டில் நாலு பேர் கையெழுத்துப் போட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அனுப்பினால் படிப்பார்கள்.

இன்னொன்று. செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டிலிருந்து நாலு வரை என் கடையில் வேலை குறைவு. நீளமான பெஞ்ச் இருக்கிறது, ஃபேன் இரண்டு. உங்களில் யாராவது ஒருவர் ஒரு செவ்வாய் வந்தால் பதினைந்து பேரைக் கூட்டிவிடுவேன். இட்லிக் கடை அக்காவும் மிச்சக் குப்பிகளோடு வருவார். டீ என் செலவு. முதல் நாளே சொல்லிவிடுங்கள், கட்டிங் மாஸ்டரையும் காஜா போடும் பையனையும் அந்த ரெண்டு மணி நேரம் வெளியே அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டை தையல்காரி