மணலிக் காற்றுக்கு எந்த ஃபில்டர்? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர் செயலருக்கும்,

வணக்கம். திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். ஆலைப் புகையைக் கட்டுப்படுத்துங்கள், குப்பைக் கிடங்கை அகற்றுங்கள் என்று எங்கள் பக்கத்திலிருந்து உங்களுக்கு வரும் மனுக்கள் ஏராளம். அவை எல்லாம் நியாயமானவை. இந்த மடல் அவற்றுக்கு மாற்று இல்லை. நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். வட சென்னையில் ஒரு குடும்பம் வீட்டுக்கு ஏர் பியூரிஃபையர் வாங்க நினைத்தால், எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்று முடிவெடுக்கத் தேவையான தகவல் உங்கள் கையில் இருக்கிறது. அதை எங்களுக்குப் புரிகிற மாதிரி கொடுங்கள்.

கடைகளில் இருக்கும் மெஷின்களில் பெரும்பாலானவை டெல்லிக் குளிர்காலத்தைக் காட்டி விற்கப்படுபவை. முன்பக்கம் பி.எம். 2.5 என்று, அதாவது காற்றில் மிதக்கும் நுண்துகளின் அளவாக, ஓர் எண் ஓடும்; எண் இறங்கினால் விளக்கு பச்சையாகும். அந்த ஊருக்கு அது சரி, அங்கே முதல் பிரச்சினை நுண்துகள்தான். எங்கள் ஊர்க் காற்று ஒரே சரக்கு இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும் டீசல் புகையும் ஒன்று. அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்களின் சாம்பலும் கந்தக டை ஆக்சைடும் இன்னொன்று. இரவில் காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம் திரும்பினால் மணலி வாடை வந்துவிடும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரம், பெட்ரோ கெமிக்கல் எல்லாம் அங்கேதான். கொடுங்கையூர்க் குப்பை எரிந்தால் அது தனிக் கதை. மணலியை மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-லேயே சேர்த்துவிட்டது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதில் ஃபில்டர் எங்கே வருகிறது? ஹெப்பா ஃபில்டர் துகளைப் பிடிக்கும். நல்ல ஹெப்பா, பிடிக்கக் கடினமான 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகளிலேயே நூற்றுக்கு 99.9-க்கு மேல் பிடித்துவிடும். லாரிப் புகைக்கும் சாம்பலுக்கும் அது போதும். ஆனால் வாயுவை அது தொடக்கூட முடியாது. கந்தக டை ஆக்சைடும் அம்மோனியாவும் பென்சீனும் அதன் வழியாக நேராக வெளியே வந்துவிடும், முன்பக்க விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருக்கும். வாயுவுக்குக் கரி வேண்டும், ஆக்டிவேட்டட் கார்பன். அதிலும் சூட்சுமம் இருக்கிறது. பென்சீன் மாதிரியான கரிம ஆவிகளைச் சாதாரணக் கரி பிடிக்கும். அம்மோனியாவை அது கிட்டத்தட்ட விட்டுவிடும். அதற்கு அமிலம் ஏற்றிய கரி தேவை. அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குக் காரம் ஏற்றிய கரியோ பெர்மாங்கனேட் ஏற்றிய குருணையோ வேண்டும். கார்பன் மோனாக்சைடை இவற்றில் எதுவும் நிறுத்தாது. இத்தனைக்கும் மேல், விலை குறைந்த மெஷின்களில் ‘கார்பன் ஃபில்டர்’ என்று வருவது பல சமயம் கரித்தூள் பூசிய மெல்லிய வலைதான். சில கிராம் கரி எத்தனை நாள் தாங்கும்? நம் ஊர் ஈரப்பதத்தில் கரியின் பிடிப்பு இன்னும் குறையும். எத்தனை கிராம் கரி என்று அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் போடுவதில்லை. கேட்டால் கடைக்காரருக்கும் தெரிவதில்லை, பாவம்.

ஆக, எந்த ஃபில்டர் என்ற கேள்விக்குப் பதில் எங்கள் தெருவில் எந்த நேரத்தில் எது அதிகம் என்பதில் இருக்கிறது. அதற்கு இன்று கிடைப்பது காற்றுத் தரக் குறியீடு என்ற ஒற்றை எண். 2015-ல் வந்த அந்தக் குறியீட்டில் எட்டு மாசுகள் கணக்கில் வரும். அவற்றில் எது அதிக மோசமோ அதன் எண்தான் அன்றைய எண். ஊருக்கு எச்சரிக்கை கொடுக்க நல்ல ஏற்பாடு. ஃபில்டர் வாங்குகிறவருக்கு அது பாதி பதில்கூட இல்லை. பென்சீனுக்குத் தேசியக் காற்றுத் தரநிலையில் ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று வரம்பு இருக்கிறது, குறியீட்டில் அதற்கு இடம் இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குத் தரநிலையிலேயே இடம் இல்லை. கந்தக டை ஆக்சைடு குறியீட்டில் உண்டு. ஆனால் அது 24 மணி நேரச் சராசரியாக எடுக்கப்படுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வந்து மூன்றரைக்குப் போய்விடும் நெடி, மறுநாள் சராசரியில் கரைந்துவிடும். எங்களுக்குத் தொண்டை எரிந்தது நிஜம், உங்கள் பலகையில் ‘திருப்திகரம்’ என்று வந்ததும் நிஜம். இரண்டும் ஒரே இரவில் நடக்கலாம்.

உடனே வாங்கிவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 34 கனமீட்டர் காற்று. மணிக்கு ஐந்து முறை அது ஃபில்டர் வழியாகச் சுற்ற வேண்டுமென்றால், மெஷின் மணிக்கு 170 கனமீட்டர் சுத்தக் காற்று தர வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் எண் பொதுவாக முழு வேகத்துக்கு உரியது. அந்தச் சத்தத்தில் யாரும் தூங்க முடியாது, குறைந்த வேகத்தில் வைத்தால் பாதிகூட வராது. கதவு, ஜன்னலைச் சாத்தினால்தான் இந்தக் கணக்கே. எண்ணூர்க் குப்பங்களில் ஷீட் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி இருக்கும் வீடுகளுக்கு எந்த மெஷினும் உதவாது. சித்திரை வெயிலில் ஜன்னலைச் சாத்து என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அப்புறம், கொசுவர்த்திச் சுருளை ஏற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் பியூரிஃபையரை ஓட்டும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். சுருளை நிறுத்துவதற்குக் காசு ஆகாது என்பதை உங்கள் வாரியமே ஒரு துண்டுத்தாளில் அடித்துக் கொடுக்கலாம். ஓசோனை வெளியிட்டுக் காற்றைச் ‘சுத்தம்’ செய்யும் கருவிகளை மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் வாங்கக் கூடாது என்பதையும் அதே தாளில் சேருங்கள்.

சரி, நீங்கள் செய்யக் கூடியது என்ன? மணலியிலும் கொடுங்கையூரிலும் ராயபுரத்திலும் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் ஓடுகின்றன. அவற்றில் பதிவாகும் ஒவ்வொரு மாசின் மணிவாரி அளவையும், சராசரியாக்காமல், தமிழில், அந்தந்தப் பகுதியின் பெயரில் வெளியிடுங்கள். மத்திய வாரியத்தின் தளத்தில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நிலையத்தைத் தேடி, மாசைத் தேர்ந்து, ஆங்கிலத்தில் அட்டவணை இறக்கி, வரம்போடு ஒப்பிடத் தெரிந்தவருக்கு இருக்கிறது. எங்கள் தெருவில் மாவு மெஷின் வைத்திருக்கும் அக்காவுக்கு இல்லை. அவருடைய பையனுக்கு வீசிங். மாதத்துக்கு ஒருமுறை, “இந்தப் பகுதியில் போன மாதம் துகள் அதிகம், இந்த நேரங்களில், வாயு இன்னது, இத்தனை இரவுகளில்” என்று நான்கு வரி எழுதி வார்டு அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்டினால், ஹெப்பா போதுமா, கரியும் வேண்டுமா, எந்த நேரத்தில் ஜன்னலைத் திறக்கலாம் என்று அவரே முடிவெடுப்பார். போகிக்கு வருடா வருடம் ஊர் முழுக்க அளவெடுத்து அறிக்கை விடுகிறீர்கள். அதை எல்லா மாதமும் எதிர்பார்க்கிறோம், அவ்வளவுதான்.

கசிவு நேரத்தை மட்டும் இதிலிருந்து பிரித்துவிடுங்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள்; ஓடியதுதான் சரி. அப்படிப்பட்ட நேரத்தில் அறைக்குள் பியூரிஃபையரை ஓட்டிக்கொண்டு யாராவது உட்கார்ந்திருந்தால் அது ஆபத்து. அதனால் வாயு கசிந்தால் செல்போனுக்கு வரும் செய்தியில் இரண்டே விஷயம் இருக்கட்டும்: என்ன வாயு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது. ‘பொதுமக்கள் பதற்றமடைய வேண்டாம்’ என்ற வரிக்கு ஆகும் இடத்தில் அந்த இரண்டும் அடங்கிவிடும்.

நிலையங்களின் மணிவாரி அளவுகளைத் தமிழில் எந்த மாதத்திலிருந்து தர முடியும், ஹைட்ரஜன் சல்ஃபைடை வட சென்னையில் எங்கே அளக்கிறீர்கள், அளக்கவில்லை என்றால் எப்போது தொடங்குவீர்கள்: இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும். நான் பொதுவில் கேட்டிருக்கிறேன், நீங்களும் பொதுவிலேயே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருவொற்றியூர்வாசி ஒருவர்