செயலாளர் ஆண்டறிக்கை: நமது குளத்தின் குளிர்காலம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டம் முதல் இன்றுவரையான நமது தூண்டில் மீன்பிடிச் சங்கத்தின் அறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கோடைகாலப் போட்டிகள் வழமைபோல் நடந்தன. முடிவுகள் மண்டப வாசலில் ஒட்டப்பட்டுள்ளன. கோடையைப் பற்றி இதற்குமேல் நான் சொல்லப் போவதில்லை.

இந்த அறிக்கை பெரும்பாலும் குளிர்காலத்தைப் பற்றியது. கார்த்திகை முதல் மாசி வரை குளத்தை மூடிவிட்டால் பராமரிப்புச் செலவு மிச்சம், அந்த மாதங்களில் மீன் எதுவும் கடிக்காது என்று சென்ற கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. ஒரு குளிர்காலம் திறந்து வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று அதை ஒத்திவைத்தோம். பார்த்துவிட்டோம். குளத்தை மூடக் கூடாது என்பதுதான் என் கருத்து. ஏன் என்று விளக்குகிறேன்.

நமது குளம், லண்டனுக்கு மேற்கே உள்ள கோல்ன் பள்ளத்தாக்கின் மற்றப் பல குளங்களைப் போலவே, லண்டனைக் கட்டுவதற்குச் சரளைக் கல் தோண்டிய பள்ளம். தோண்டியவர்கள் கல் இருந்த இடத்தில் ஆழமாகவும் இல்லாத இடத்தில் மேலோட்டமாகவும் தோண்டிவிட்டுப் போனார்கள். அதனால் அடித்தரை ஒரே சீராக இல்லை. நீருக்கடியில் மேடுகள், ஒடுங்கிய வாய்க்கால்கள், திடீரென்று இறங்கும் சரிவுகள் என்று பல வகை. கோடையில் மீன் எங்கும் திரியும் என்பதால் இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. குளிர்காலத்தில் எல்லாம் இதிலேதான் இருக்கிறது.

நீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும். காற்றில்லாத உறைபனி இரவுகளில் மேல்நீர் அதைவிடக் குளிர்ந்து மேலேயே கிடக்க, கனமான 4 பாகை நீர் அடியில் தங்கும். ஆனால் வடகிழக்குக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால் முழுக் குளமும் கலங்கி, அடிநீரும் சேர்ந்து குளிர்ந்துவிடும். நமது அங்கத்தவர் ஒருவர் தங்கூசியில் (நைலோன் தூண்டில் நூலில்) முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் வெப்பமானியையும் ஈயமில்லாத பாரத்தையும் கட்டி, குளிர்காலம் முழுவதும் கிழமைதோறும் நீரின் வெப்பத்தை அளந்து குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தார். அந்தப் புத்தகம் இன்று மேசையில் இருக்கிறது. அனைவரும் பார்க்க வேண்டும். கரையில் நிற்பவருக்கு ஒரே குளிராகத் தெரிகிற நாட்களில்கூட மேற்கு மூலை வாய்க்காலின் அடிநீர் மற்ற இடங்களைவிடச் சற்று நிதானமாக இருந்திருக்கிறது. மீனும் அங்கேதான் இருந்தது.

மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தோடு ஏறி இறங்குவது. நீர் குளிரக் குளிர அதன் செரிமானமும் மந்தமாகும். கார்ப் கெண்டை இதில் மிகவும் பாதிக்கப்படும். மார்கழி, தை மாதங்களில் அது ஓரிடத்தில் படுத்துக் கிடந்துவிட்டு, மிதமான நாளில் கொஞ்ச நேரம் மட்டும் இரை தேடும். அடித்தரையில் இரை தேடும் டென்ச் மீன் அநேகமாகக் கண்ணிலேயே படுவதில்லை. வெள்ளி நிற ரோச், முள் துடுப்புள்ள பேர்ச், மற்ற மீன்களை வேட்டையாடும் பைக் மூன்றும் அப்படியல்ல. அவை குளிர்காலம் முழுவதும் உண்ணும். கார்ப் மட்டுமே மீன் என்று நினைத்து வந்தவர்கள்தான் வெறுங்கையோடு போய், குளத்தில் ஒன்றுமே இல்லை என்று சொன்னார்கள்.

பிடிபட்ட மீன்களில் பெரும்பகுதி ரோச். கைக்குள் அடங்கும் அளவிலிருந்து ஒரு இறாத்தலுக்குச் சற்று மேல் வரை. குளிரில் பாசி மடிந்து நீர் கண்ணாடிபோல் தெளிந்துவிடுவதால், அவை பட்டப்பகலில் ஆழத்தில் ஒன்றாகக் கூடி நின்று, மாலை மங்கும் வேளையில்தான் துணிந்து இரை எடுக்கின்றன. பிற்பகல் இரண்டு மணிக்குச் சலித்துப்போய்ப் பெட்டியைக் கட்டியவர்களின் கரையோர மேடையிலேயே மூன்றரை மணிக்கு மற்றவர்கள் வரிசையாக மீன் தூக்கியதை நான் நேரில் பார்த்தேன். மார்கழியில் இங்கே நான்கு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். அந்தக் கடைசி அரைமணி நேரத்தை யாரும் வீணாக்க வேண்டாம்.

இரையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளிர்காலத்தில் நம்மவர் பலர் செய்யும் பிழை, மீன் வரவில்லை என்று மேலும் மேலும் இரையை அள்ளிக் கொட்டுவது. வயிறு மந்தமான மீனின் முன்னால் ஒரு வாளி இரையைக் கொட்டினால் அது தின்னாது. மிஞ்சியது அடியில் கிடந்து அழுகும். இந்தக் குளிர்காலத்தில் சிறந்த பலன் தந்தது சாதாரண வெள்ளைப் பாண். செய்முறை இதுதான்: புதுப் பாண் துண்டின் ஓரத்தை வெட்டிவிட்டு, போத்தலால் ஒருமுறை மட்டும் உருட்டித் தட்டையாக்க வேண்டும். பித்தளைக் குழாய்போன்ற சிறு அச்சை அதன் மேல் அழுத்தித் திருகினால் மிளகளவு வட்டத் துண்டு அதன் வாயில் நிற்கும். 20ஆம் இலக்கத் தூண்டில் முள்ளை அச்சின் பக்கத் துளையால் நுழைத்து இழுத்தால் பாண் முள்ளில் ஏறிவிடும். நீரில் போனதும் அது ஊதி, மெதுவாக அடியில் இறங்கும். கூட எறிவதற்கு, அதே பாணை அரைவையில் போட்டு உதிர்த்து, சற்று நனைத்துப் பிடித்த எலுமிச்சங்காயளவு உருண்டை ஒன்று போதும். அடுத்த உருண்டையை மீன் கடிப்பது நின்ற பிறகே போட வேண்டும்.

ஈப்புழு போட்டவர்களுக்கும் ரோச் கிடைத்தது. ஆனால் கடும் உறைபனி நாட்களில் பாணே முந்தியது. நல்ல பேர்ச் பிடித்தவர்கள் மண்புழுவை நறுக்கிப் போட்டவர்கள். மாசியில் இரண்டு இறாத்தலைத் தாண்டிய பேர்ச் ஒன்று கிடைத்தது. முதுகுத் துடுப்பு முழுவதும் விரிந்து, வயிற்றுத் துடுப்புகள் செந்நிறமாக, முட்டை நிறைந்து கனத்திருந்தது. படம் எடுத்து உடனே விடப்பட்டது. பிரித்தானியச் சாதனைக்குச் சமமான 6 இறாத்தல் 3 அவுன்ஸ் எடையுள்ள பேர்ச் ஒன்று முன்னர் கிடைத்திருக்கிறது. அது 2012இல் ட்ரிங் அருகே வில்ஸ்டோன் நீர்த்தேக்கத்தில் பிடிபட்டது. நமக்கு அவ்வளவு தூரமான இடமும் அல்ல. பொறுமையாகப் பேணினால் நமது குளத்திலும் பெரிய பேர்ச் வளரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பைக் பிடிப்பதற்கு நமது தமிழ்க் கடைகள் பேருதவி. உறைநிலையில் விற்கும் சூடை மீன் எண்ணெய்ச் சத்து நிறைந்தது. அதை முழுதாக அடியில் கிடத்தினால், குளிர்ந்த நீரிலும் அதன் மணத்துக்குப் பைக் வரும். ஆனால் மிதவை அசைந்ததும் தாமதிக்காமல் இழுக்க வேண்டும். காத்திருந்தால் முள் தொண்டைக்குள் போய்விடும். அந்த மீன் பிழைப்பது அரிது. நீண்ட இடுக்கியும் மெத்தை விரிப்பும் இல்லாதவர் பைக்குக்குத் தூண்டில் போட அனுமதியில்லை என்ற விதியை இவ்வாண்டு கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினோம். விரிப்பை முதலில் நனைக்க வேண்டும். உறைபனி படிந்த புல்லில் மீனைக் கிடத்துவது அதன் தோலையும் செவுளையும் புண்ணாக்கும்.

அடுத்தது, மீனைத் திரும்ப விடுவது. நம்மில் பலர் மயிலிட்டியிலும் முல்லைத்தீவிலும் கடல்மீன் கண்டவர்கள். சிலர் இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் குளத்துமீன் பிடித்து வளர்ந்தவர்கள். பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் விடுவதென்றால் மனம் ஒப்பாது. புதிய அங்கத்தவர் ஒவ்வொருவரும் இதைக் கேட்கிறார், அவர் கேட்பதில் தவறேதும் இல்லை. நான் சொல்லும் பதில் இதுதான். இலங்கையில் 1952இல் கொண்டுவந்து விட்ட திலாப்பியா, ஆண்டு முழுவதும் வெயில் காயும் குளத்தில் வேகமாக வளர்ந்து மீண்டும் மீண்டும் குஞ்சு பொரிக்கும். பிடிக்கப் பிடிக்கக் குறையாது. இங்கே நீர் ஆண்டின் பாதி குளிர்ந்து கிடக்கிறது. ஒரு இறாத்தல் ரோச் வளர ஏழெட்டு ஆண்டுகளாவது ஆகும். பத்துப் பேர் ஆளுக்கு நாலு மீன் கொண்டுபோனால், ஒரு குளிர்காலத்தில் அந்தக் கூட்டம் முடிந்துவிடும். சட்டமும் அப்படியே: உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியின்றிக் குளத்து மீனை எடுத்துச் செல்ல முடியாது.

இவ்வாண்டு மனத்தை வருத்திய சம்பவம் ஒன்றும் நடந்தது. நமது அங்கத்தவர் இருவர் மீனை எடைபோட்டு விடுவதற்காகப் பையில் வைத்திருந்தபோது, வழியால் போனவர் ஒருவர் அவர்கள் மீனைத் திருடுவதாகச் சத்தமிட்டுப் படமும் எடுத்தார். இருவரும் அமைதியாக உரிமத்தைக் காட்டி, அவர் முன்னிலையிலேயே மீனை விட்டார்கள். அவர்களுடைய நிதானத்துக்குச் சபை நன்றி சொல்ல வேண்டும். தோற்றத்தைப் பார்த்து நம்மைத் திருடர் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்காக நாம் குளிர்காலத்தில் குளத்தை விட்டுப் போகத் தேவையில்லை. கரையில் நாம் இருக்க வேண்டும், முறையாக இருக்க வேண்டும்.

முறை என்பதில் உரிமம் முதலாவது. சுற்றாடல் முகவரகத்தின் தூண்டில் உரிமம் இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண் வரை அபராதம். 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உரிமம் தேவையில்லை; 13 முதல் 16 வயது வரை உரிமம் இலவசம், ஆனால் கட்டாயம் எடுக்க வேண்டும். பெரியவர்கள் உரிமத்துக்குக் கட்டும் பணம் வீணாகப் போகவில்லை. நொட்டிங்ஹாம்ஷயர் கல்வர்ட்டன் பண்ணையில் வளர்த்து ஆறுகளிலும் குளங்களிலும் விடப்படும் மீன்களுக்கு அதிலிருந்துதான் செலவாகிறது. ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை மீன்பிடி தடை. நமது குளத்துக்கு அது பொருந்தாது. ஆனால் குளத்தின் பின்வேலிக்கு அப்பால் ஓடும் ஆற்றுக்குப் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது ஈயம். ஊரிலிருந்து கொண்டுவந்த சிறு ஈயக் குண்டுகளைச் சிலர் இன்னும் வைத்திருக்கிறார்கள். அன்னங்கள் அவற்றைப் பொறுக்கி விழுங்கி நஞ்சேறி இறந்ததனால்தான் 1987 முதல் இங்கே அவை தடை செய்யப்பட்டன. மிகச் சிறிய குண்டுகளும் ஓர் அவுன்ஸுக்கு மேற்பட்டவையும் மட்டுமே விதிவிலக்கு. வெட்டி எறிந்த தங்கூசியும் அன்னத்தின் காலை அறுக்கும். சென்ற தையில் தீவின் ஓரத்தில் ஓர் அன்னத்தை விடுவிக்க இருவர் குளிர் நீரில் இடுப்பளவு இறங்க நேர்ந்தது.

மூன்றாவது வலை. ஆற்றிலோ வேறு குளத்திலோ பயன்படுத்திய அத்தாங்கை நமது குளத்தில் இறக்குமுன் கழுவி நன்றாகக் காய வைக்க வேண்டும். 2010இல் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட வேற்றுநாட்டுக் கொல்லி இறால் ஈரமான வலையிலும் காலணியிலும் ஒட்டிக்கொண்டுதான் பரவக்கூடியது. குளிர்காலத்தில் வலை காய நாளாகும் என்பதால், குளத்துக்கென்று தனியாக நான்கு அத்தாங்குகள் வாங்கித் தரும்படி நிர்வாக சபையைக் கேட்கிறேன்.

நீர்க்காகங்களைப் பற்றி எல்லோரும் முறையிட்டீர்கள். ஒரு பறவை நாளொன்றுக்கு அரைக் கிலோ வரை மீன் தின்னும். தெளிந்த குளிர்கால நீரில் கூடி நிற்கும் ரோச் அவற்றுக்குச் சுலபமான வேட்டை. எசெக்ஸ் அபர்ட்டன் நீர்த்தேக்கத்தில் 1981இல் மரங்களில் கூடு கட்டத் தொடங்கியதிலிருந்து உள்நாட்டில் அவை பெருகியே வந்திருக்கின்றன. சட்டப் பாதுகாப்புள்ள பறவை என்பதால் கல்லெறிவதும் வேண்டாம். கரையில் ஆளிருந்தால் அவை இறங்கத் தயங்குகின்றன. குளத்தை மூடினால் அவற்றுக்குத்தான் திறந்துவிடுகிறோம். மேற்கு வாய்க்காலில் மீன்கள் ஒளிய மரக்கிளைக் கட்டுகளும் வலைக்கூண்டுகளும் இறக்க உரிமையாளரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம்.

பாதுகாப்பு பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. பனிக்கட்டி படிந்த குளத்தில் யாரும், எக்காரணம் கொண்டும், கால்வைக்கக் கூடாது. முள் சிக்கினால் நூலை அறுத்துவிடுங்கள். உறைபனி நாளில் தனியாக வருவதைத் தவிருங்கள். மேடைகளில் கால் வழுக்காதபடி கம்பிவலை அடிக்கும் வேலை கிழக்குக் கரையில் முடிந்துவிட்டது. மேற்குக் கரை மிச்சமிருக்கிறது.

குளிர்காலம் முழுவதும் வெந்நீர்ப் போத்தலும் தேநீரும் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்த மூத்த அங்கத்தவர்களுக்கும், பிள்ளைகளுக்குப் பாண் அச்சைப் பிடித்துக் காட்டிய சகோதரிகளுக்கும் மனமார்ந்த நன்றி.

சபையின் தீர்மானத்துக்காக மூன்று பிரேரணைகளை முன்வைக்கிறேன்: குளத்தை ஆண்டு முழுவதும் திறந்து வைத்தல், கார்த்திகை முதல் மாசி வரை ஆளொருவருக்கு நாளொன்றுக்கு ஒரு லீற்றருக்கு மேல் எறியிரை பயன்படுத்தத் தடை, மேற்குக் கரை மேடைகளுக்குக் கம்பிவலை அடிக்க நிதி ஒதுக்கல். வழிமொழிய விரும்புவோர் தலைவரிடம் தெரிவிக்கவும்.

செயலாளர்