ரிக்வுட் மைதானத்தைச் சுற்றிக் காட்டியவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும்,

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாமில் வசிக்கும் நம் குடும்பங்களின் பிள்ளைகளை ரிக்வுட் ஃபீல்டு என்ற பழைய பேஸ்பால் மைதானத்துக்கு அழைத்துப்போன பயணம் நல்லபடியாக முடிந்தது. கை கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

முதல் நன்றி, சுற்றிக் காட்டிய தன்னார்வலர்களுக்கு. இரும்பாலை முதலாளி ரிக் உட்வர்ட் கட்டி, 1910 ஆகஸ்ட் 18 அன்று திறந்த மைதானம் இது. அமெரிக்காவில் இன்றும் நிற்கும் தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் இதுதான் மூத்தது. இங்கே ஆடிவந்த, மைனர் லீக் (முதல்நிலை லீக்குகளுக்கு அடுத்த கீழ்நிலை) அணியான பேரன்ஸ் 1987 சீசனோடு கிளம்பி, பக்கத்து ஊரான ஹூவருக்குப் போய்விட்டது. அணி போன பிறகு மைதானம் எதற்கு என்று இடித்துத் தள்ளியிருக்கலாம். 1992-இல் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் ரிக்வுட் என்ற அமைப்பைத் தொடங்கி அதைக் காப்பாற்றினார்கள். எண் பலகைகளைக் கையால் மாட்டும் ஸ்கோர்போர்டைப் பார்த்துப் பிள்ளைகள் வாய்பிளந்து நிற்க, "இது பழசு இல்லை, 1990-களில் ஒரு சினிமா படப்பிடிப்புக்காகச் செய்தது" என்று தன்னார்வலர்களே உடைத்துச் சொன்னார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அதன் பின்னால் நிற்கும் 1928-ஆம் ஆண்டுக் கான்கிரீட் சுவர்தான் அசல்.

அப்புறம், அந்தப் பகுதியிலேயே வளர்ந்த பெரியவர். பேரன்ஸ் ஆட்டங்களுக்கு வந்த கறுப்பின மக்கள் வலதுபுறக் கோடியில்தான் உட்கார வேண்டும் என்றிருந்த காலத்தை, இடத்தைக் கைநீட்டிக் காட்டியே சொன்னார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து விளையாடவே நகரச் சட்டம் தடை போட்டிருந்தது. இதே புல்தரையில்தான் 1948-இல், பள்ளியில் படித்துக்கொண்டே பின்னாளில் பெரும் பேஸ்பால் நட்சத்திரமான வில்லி மேஸ், பதினேழு வயதில், கறுப்பின வீரர்களின் தனி அணியான பிளாக் பேரன்ஸுக்கு ஆடினார். இரு நிறத்தவரும் ஒரே பேரன்ஸ் அணியில் ஆட 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "அப்போ நம்ம எங்க உட்கார்ந்திருப்போம்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. எங்களுக்கும் எதுவும் தோன்றவில்லை.

2024 ஜூன் 20 அன்று முதல்நிலை லீக் அணிகளான ஜயன்ட்ஸும் கார்டினல்ஸும் இங்கே மோதிய ஆட்டத்தைப் பற்றி அவரிடம் இன்னும் கேட்டிருக்கலாம். மேஸ் அதற்கு இரண்டு நாள் முன்புதான் காலமானார். வெயில் ஏறிவிட்டது, கிளம்பிவிட்டோம்.

பழைய படங்களைத் தேடித் தந்த பொது நூலக ஊழியர்களுக்கும், வேன் ஓட்டிய அண்ணனுக்கும், புளியோதரை கட்டித் தந்த அக்காக்களுக்கும் நன்றி. டிபன் டப்பாக்கள் எங்கள் வீட்டில் இருக்கின்றன, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பிள்ளைகளின் சார்பில் ஒரு அப்பா