மூலநிரல் இருக்கிறது, கட்டுவதற்குக் கைகொடுங்கள்

அன்புடையீர்,

வணக்கம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கான் (மழைநீர் வடியும் வாய்க்கால்) வெட்டுவதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பறித்த கொழுந்தை நிறுக்கத் தராசு உண்டு, வெட்டிய கானை நிறுக்கத் தராசு கிடையாது. ஆனாலும் இரண்டு மழைக்காலம் கானைத் தூர்வாராமல் விட்டால் மேல்மண் ஆற்றோடு போய்விடும், அடுத்த கவ்வாத்துக்குள் (செடியைக் கத்தரிக்கும் காலத்துக்குள்) தேயிலைச் செடியின் வேர் வெளியே தெரியும். இரண்டரை ஆண்டுகளாக நாங்கள் செய்துவருவதும் அப்படிப்பட்ட வேலைதான். தோட்டப் பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் வந்துசேரும் பழைய கணினிகளில் ஓடக்கூடிய இயங்குதளம் ஒன்றை அதன் மூலநிரலிலிருந்தே, அதாவது நிரலாளர்கள் எழுதிய வரிகளைக் கணினியில் ஓடும் வடிவுக்கு மாற்றி, தமிழில் கட்டிப் பராமரித்து வருகிறோம். அந்த வேலை தொடர இப்போது உங்கள் உதவி தேவைப்படுகிறது.

இந்தக் கணினிகள் பெரும்பாலும் கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்டவை. 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோனதால் இன்னும் நிறைய வருகின்றன. பூட்டி வைத்தால் அவை வெறும் மின்கழிவு. கட்டற்ற இயங்குதளம் ஒன்றைப் பதிந்து கொடுத்தால் ஒரு பிள்ளை தட்டச்சு பழகவும் பாடம் படிக்கவும் உதவும். நாங்கள் அடித்தளமாக எடுத்துக்கொண்டது டெபியன். 1993இல் இயன் மர்டொக் தொடங்கிய இந்தத் திட்டத்தை இன்றுவரை தன்னார்வலர்களே நடத்துகிறார்கள்.

எங்களிடம் வந்த கணினிகளில் மிகப் பழையவை 32 பிட் வகை, இன்றைய 64 பிட் கணினிகளுக்கு முந்திய தலைமுறை. 2025 ஓகஸ்ட்டில் வெளிவந்த டெபியன் 13இல் அந்த வகைக் கணினிகளுக்கான கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இல்லை, நிறுவியும் (அதைக் கணினியில் பதியும் கருவி) இல்லை. அவர்களைக் குறைசொல்ல மாட்டோம். பராமரிக்க ஆள் குறையும்போது எதையாவது கைவிடத்தான் வேண்டும். முந்திய 12ஆம் பதிப்புக்கான நீண்டகால ஆதரவும் 2028 ஜூன் மாதத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு அந்தக் கணினிகளை நம்பியிருக்கும் பிள்ளைகளின் நிலை என்ன என்ற கேள்விதான் எங்களை உறுத்துகிறது.

விடை மூலநிரலுக்குள்ளேயே இருக்கிறது. 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய, டெபியனும் பயன்படுத்தும் லினக்ஸ் கெர்னல் இன்று மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது. 32 பிட் கணினிகளுக்கான வரிகள் இன்னமும் அதில் இருக்கின்றன. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், கட்டலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று உரிமமே சொல்கிறது. உரிமை நம் கையில் இருக்கிறது, ஆனால் கட்டுவதற்கு இயந்திரமும் மின்சாரமும் ஆளும் வேண்டும்.

எங்கள் வேலை நடப்பது ஹட்டன் நகரில், ஒரு கடையின் பின்னறையில். நான்கு கோர்களும் எட்டு ஜிகாபைட் நினைவகமும் கொண்ட ஒரே ஒரு கணினிதான் இருக்கிறது. கெர்னலை அதன் எல்லா மொட்யூல்களோடும் (துணைப் பகுதிகளோடும்) கட்டத் தொடங்கினால் இரவு முழுவதும் ஓடும். சுவரில் ஈரம் ஊறும் மாதங்களில் அறைக்குள் அந்தக் கணினி மட்டும்தான் சூடாக இருக்கும். திரையில் ஒவ்வொரு கோப்பின் பெயராக ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு பிள்ளை காவலிருப்பான். லக்ஷபானவும் மேல் கொத்மலையும் நம் மலைத் தண்ணீரில்தான் மின்சாரம் எடுக்கின்றன. ஆனால் கம்பியில் ஒரு சவுக்குக் கிளை விழுந்தால் எங்களுக்கு இருட்டுதான். கடந்த ஜூன் மாதத்தில் விடிகாலை மூன்று மணிக்கு அப்படித்தான் மின்சாரம் போனது. மின்சாரம் போனால் பற்றரியில் கணினியைத் தாங்கும் யூபிஎஸ் பழையது, ஆறு நிமிடம்கூடத் தாங்கவில்லை. பாதி எழுதப்பட்ட கோப்புகள் கெட்டுப்போயின, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். அந்த மாதத்தில் இப்படி மூன்று இரவுகள் வீணாயின.

தமிழ்ப் பக்கத்து வேலை அளவில் சிறியது, ஆனால் அதையும் நாம்தான் செய்ய வேண்டும். பத்தனைப் பக்கத்துப் பாடசாலை ஆசிரியை ஒருவர் மாணவர் பெயர்ப் பட்டியலைக் கொண்டுவந்து, ‘ஸ்ரீ’ என்று தேடினால் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை என்று காட்டினார். திரையில் எல்லாப் பெயர்களும் ஒன்றுபோலவே தெரிந்தன. உள்ளே பார்த்தபோது சில பெயர்கள் ‘ஸ’ என்ற எழுத்தில் தொடங்கின, சில ‘ஶ’ என்ற எழுத்தில் தொடங்கின. ‘ஶ’ 2005இல்தான் ஒருங்குறியில் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையில்) சேர்ந்தது. அதற்கு முன்பும் பின்பும் தட்டச்சு செய்தவை இரண்டு வகையாகக் கிடக்கின்றன. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. தேடும்போது இரண்டையும் ஒன்றாக எண்ணும்படி மூன்று வரித் திருத்தம் எழுதிச் சேர்த்தோம். விட்டுப்போன ஶ்ரீதரனும் ஸ்ரீதேவியும் பட்டியலில் ஒன்றாக வந்து நின்றபோது ஆசிரியை சிரித்த சிரிப்பு எங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. தமிழ் தெரிந்த ஒருவர் மூலநிரலுக்கு அருகில் இருந்ததால்தான் அது முடிந்தது. ஒருங்குறியில் இல்லாத பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய ஆவணங்களை மாற்றுவதும், ஒவ்வொரு பதிப்பிலும் ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு சரியாக வருகிறதா என்று பார்ப்பதும் எங்கள் வழக்கமான வேலைகள்.

இத்தனைக்கும் ஒரு கணினி போதாதா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் சிறிய கருவி உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. அதை நெடுங்காலம் ஒருவரே ஊதியமின்றிப் பராமரித்துவந்தார். களைத்துப்போயிருந்த அவருக்கு ஒத்தாசை செய்வதாக வந்த ஒருவர் இரண்டாண்டுக்கு மேல் ஒழுங்காக வேலைசெய்து நம்பிக்கையைப் பெற்று, பிறகு அதற்குள் ஒரு கள்ளக் கதவை, அதாவது வெளியாள் இரகசியமாகக் கணினிக்குள் நுழையும் வழியை, வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியியலாளர், தன் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்ததால் அது வெளிப்பட்டது. அந்தக் கதவைத் திறந்துவிடும் வரிகள் வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தன, எல்லோரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. அதனால்தான் நாங்கள் முடிந்தவரை களஞ்சியத்திலிருந்தே எடுத்துக் கட்டுகிறோம். அதே மூலநிரலை இரண்டு வேறு கணினிகளில் கட்டி, கிடைத்த கோப்புகள் ஒரு பைட்கூட மாறாமல் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டால்தான் இடையில் யாரும் கைவைக்கவில்லை என்று துணிந்து சொல்ல முடியும். பிள்ளைகளின் பெயரும் புள்ளியும் இருக்கும் கணினிக்குக் கொடுப்பதை அப்படிச் சரிபார்க்காமல் கொடுக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே இரண்டாவது கட்டும் கணினி ஒன்று வாங்க வேண்டும். அதற்கு 340,000 ரூபா ஆகும். இரண்டு கணினிகளையும் ஒரு மணி நேரமாவது தாங்கும் யூபிஎஸ்ஸுக்கும் பற்றரிகளுக்கும் 90,000 ரூபா. மென்பொருள் பொதிகள் அனைத்தின் பிரதியையும் இங்கேயே வைத்திருக்க வன்தட்டுகளுக்கு 70,000 ரூபா. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலில் மலைகள் சரிந்து பாதைகளும் தொடர்புகளும் அறுந்த நாட்களில், இணையத்தை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்று எல்லோரும் கண்டோம். மிச்சம் 120,000 ரூபா, இரவுக் காவல் இருந்து திருத்தங்களைச் சோதிக்கும் இரண்டு இளைஞர்களுக்கு மாதம் ஆளுக்கு 5,000 ரூபா வீதம் ஓராண்டுக்கு. அவர்களில் ஒருவர் பொகவந்தலாவையிலிருந்து பஸ் ஏறி வருகிறார், இதுவரை பயணச்செலவைத் தன் கையிலிருந்தே போட்டிருக்கிறார். களைத்துப்போகும்வரை ஒருவரைத் தனியே விட்டால் என்னவாகும் என்பதை மேலே சொன்னோம்.

மொத்தம் 620,000 ரூபா. குழு உறுப்பினர்கள் போட்டதும் இரண்டு வாசிகசாலைகள் தந்ததுமாக 115,000 ரூபா கையில் இருக்கிறது. இன்னும் 505,000 ரூபா வேண்டும்.

நம் மக்களுக்குச் சேர்ந்து கொடுப்பது புதிதல்ல. கோயில் திருவிழாவுக்கும் மரண உதவிச் சங்கத்துக்கும் மாதாமாதம் கொடுத்தே பழகியவர்கள் நாம். ஆகவே நூறு ரூபாயையும் அதே மரியாதையோடு வாங்கிப் பற்றுச்சீட்டுத் தருவோம். கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் வேலைசெய்யும் நம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் தனியாகக் கேட்கிறோம்: நீங்கள் படித்த பாடசாலையின் பெயரில் கொடுங்கள், கட்டி முடித்த முதல் பிரதியை அந்தப் பாடசாலைக்கே கொண்டுபோய்ப் பதிந்து கொடுப்போம். பணம் தர இயலாதவர்கள் பழைய நினைவக அட்டையோ வேலைசெய்யும் வன்தட்டோ தரலாம். புதிய பதிப்பைத் தன் கணினியில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, எழுத்து எங்கே உடைகிறது என்று எழுதி அனுப்புகிறவரும் எங்களுக்கு நன்கொடையாளரே.

வங்கிக் கணக்கு விபரம் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் அச்சிடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் குழுவின் பிரதிநிதியிடம் புத்தகம் இருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்கு வரவுசெலவை எல்லோர் முன்னிலையிலும் வாசிப்போம். நாங்கள் எழுதிய திருத்தங்களையும் அன்றே திரையில் காட்டுவோம். அறை சிறியது, வருகிறவர்கள் குடையை வெளியே வைத்துவிட்டு வாருங்கள்.

இவ்வண்ணம்,
பணிக்குழுவினர்
ஹட்டன்