தோற்ற அன்று முடிவு வேண்டாம்

ஆசிரியருக்கு,

ஊர் ஊராகப் போய் ஆடும் கால்பந்து அணியை விட்டுவிடுகிறேன் என்று பதினைந்து வயதுப் பிள்ளை சொன்னால், தோற்ற அன்றே பதில் சொல்லாதீர்கள். இரண்டு வாரம் போகட்டும். அலுத்தது ஆட்டமா, பயிற்சியாளரா, வார இறுதி அலைச்சலா என்று பிரித்துக் கேளுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டைத் தொட்டால் வலிக்கிறதா? மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் வயதில் ஓய்வில்லாமல் ஓடினால் தசைநாண் அந்த இடத்தை இழுத்துப் புண்ணாக்கும். பிள்ளைகள் இதை மறைப்பார்கள். ஒரே விளையாட்டிலிருந்து ஆண்டில் மொத்தம் மூன்று மாதமாவது ஓய்வு வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. எத்தனை அணிகள் அந்த ஓய்வைத் தரும்?

விலகுவது உறுதியானால், அடுத்த பருவத்துக்குக் கையெழுத்திடும் முன்பே சொல்லிவிடுங்கள். அதன்பின் சொன்னால் பல கிளப்புகள் முழுக் கட்டணமும் கேட்கும். பயிற்சியாளரிடம் பிள்ளையே நேரில் சொல்லட்டும். அப்பாவின் வாட்ஸ்அப் செய்தி போதாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்