ஆர்த்தோவில் ஆராய்ச்சி செய்யப் போகும் மகளுக்கு

சேலம், அஸ்தம்பட்டி

அன்புள்ள கண்ணு,

லீவுக்கு வீட்டுக்கு வருவதா, அங்கேயே இருந்து ஆர்த்தோவில், அதாவது எலும்பு மருத்துவப் பிரிவில், புராஜெக்ட் செய்வதா என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் அப்பா போனை வாங்கிக்கொண்டார். அதனால்தான் இந்தக் கடிதம். புராஜெக்டைச் செய். மாம்பழம் பார்சலில் வரும்.

ஆனால் எதைச் செய்வது என்பதில் எனக்குச் சொல்ல இருக்கிறது. நான் டாக்டர் இல்லைதான். ஆனால் ஆர்த்தோ வார்டில் நர்ஸாக இருந்தவளுக்குத் தெரியும், எந்த தீசிஸ் நோயாளியைப் பார்த்து எழுதியது, எது கடைசி வாரத்தில் உட்கார்ந்து நிரப்பியது என்று. கேஸ் ஷீட் தேடி எடுத்துக் கொடுத்தது நாங்கள்தானே.

உங்கள் சார் சொன்ன எஸ்டிஎஸ் (ஷார்ட் டெர்ம் ஸ்டூடன்ட்ஷிப்) நல்ல வாய்ப்பு. எம்பிபிஎஸ் பிள்ளைகளுக்காக 1979-லிருந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்துகிற திட்டம். இரண்டு மாத வேலை, உங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவர் கைடாக இருப்பார். ரிப்போர்ட்டை ஏற்றுக்கொண்ட பிறகுதான் உதவித்தொகை வரும், அதை நம்பி எதையும் வாங்கிவிடாதே. ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி நாம் நினைத்த நாளில் கூட்டம் போடாது. அதனால் அறிவிப்பு வரும்வரை காத்திராமல் கேள்வியை இப்போதே முடிவு செய்.

இரண்டு மாதம் என்பதை மறக்காதே. கீழ்க்கால் எலும்பு முறிந்தால் கூடுவதற்கே நான்கைந்து மாதம் ஆகும். முறிந்த எலும்பைப் பிடிக்க உள்ளே வைக்கிற ராடு நல்லதா பிளேட் நல்லதா என்று தொடங்கினால் நோயாளி நடப்பதற்கு முன்பே உன் புராஜெக்ட் முடிந்துவிடும். அது பிஜி (மேற்படிப்பு) டாக்டர்கள் செய்கிற வேலை. அவர்களோடு சேர்ந்து, நோயாளியைத் தொடர்ந்து பார்க்கிற ஃபாலோ அப் எடுத்துக் கொடு, கற்றுக்கொள்ளலாம். உனக்கென்று எடுப்பது சின்னதாக இருக்கட்டும். எலும்பு வெளியே தெரிகிற முறிவில் ஆன்டிபயாடிக் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது என்று உனக்கே தெரியும். அடிபட்ட நேரம், கேஷுவால்டிக்கு வந்த நேரம், முதல் ஊசி போட்ட நேரம், இந்த மூன்றையும் ஷீட்டில் தேடிப் பார். பல ஷீட்டில் முதல் நேரமே இருக்காது. இருக்காது என்பதையும் எழுது, அதுவும் ஒரு முடிவுதான்.

என்னைக் கேட்டால் பாதம் உள்பக்கம் வளைந்து பிறக்கிற வளைபாதக் குழந்தைகளை எடு என்பேன். பொன்செட்டி முறையில் வாரா வாரம் காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மாவுக்கட்டு போட்டு, பெரும்பாலும் குதிகால் தசைநாணில் சின்ன வெட்டு ஒன்று போட்டால் கால் நேராகிவிடும். பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அப்புறம்தான் கஷ்டம். இரண்டு ஷூவையும் ஒரு கம்பியில் பிணைத்த பிரேஸை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டும், பிறகு நான்கு வயது வரை தூங்கும்போதெல்லாம். கால்தான் நேராகிவிட்டதே என்று வீட்டில் கழற்றி வைப்பார்கள், கால் திரும்ப வளையும். கழற்றிய அம்மாவைத் திட்டுகிற டாக்டர்கள் உண்டு. ஏன் கழற்றினாய் என்று உட்கார்ந்து கேட்கிறவர்கள் குறைவு. குழந்தை ராத்திரி முழுக்க அழுதிருக்கும், ஷூ சிறிதாகியிருக்கும், மாமியார் பாவம் என்றிருப்பார், புருஷனுக்குக் கூலி வேலை போயிருக்கும். கிளினிக் நாளில் அந்த அம்மாக்களோடு பேச மூன்றாம் வருஷ மாணவி போதும். சர்ஜனுக்கு அதற்கு நேரமில்லை.

ஃபாலோ அப் பற்றி ஒன்று. நம் ஏற்காட்டு எஸ்டேட்டில் மிளகு பறிக்கிற மாதங்களை நினைத்துக்கொள். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணி வைத்து ஏறுவார்கள். விழுந்தால் குதிகாலும் முதுகெலும்பும்தான் போகும். ஆபரேஷன் முடிந்து மலைக்குப் போனவர் ஆறாவது வாரம் வர மாட்டார். பஸ் காசும் போய், அன்றைய கூலியும் போய், ஓபி வரிசையில் நிற்க யார் வருவார்? வராதவர் நன்றாக இருக்கலாம், படுத்த படுக்கையாகவும் இருக்கலாம். வந்தவர்களை மட்டும் எண்ணி 'நல்ல பலன்' என்று எழுதியதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீ அப்படி எழுதாதே. முதல் நாளே இரண்டு போன் நம்பர் வாங்கு, ஒன்று பக்கத்து வீட்டுடையதாக இருக்கட்டும்.

ஆளை விடாமல் பார்த்ததால்தான் மெட்ராஸின் முதுகெலும்புக் காசநோய் ஆராய்ச்சிக்கு அவ்வளவு மதிப்பு. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே நடமாடியவர்களையும் பெரிய ஆபரேஷன் செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 10 வருட முடிவு 1999-ல் வந்தபோது, மாத்திரைக்காரர்கள் ஒன்றும் குறைந்துபோகவில்லை. எத்தனை பேர் முதுகு கத்திக்குத் தப்பியது பார்!

கேள்வி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றும் இல்லை. விபத்தில் நசுங்கிய காலைக் காப்பாற்றுவதா எடுப்பதா என்பதற்கு அமெரிக்க ஸ்கோர்கள் இருந்தன. ஆனால் ரத்தக்குழாய் தப்பி, தோலும் சதையும் போன கால்களுக்கு அவை சரியாக வழி சொல்லவில்லை. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் ராஜசேகரன் குழு தங்கள் நோயாளிகளை வைத்தே ஒரு ஸ்கோர் செய்து 2006-ல் வெளியிட்டது. தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். 14 வரை காப்பாற்றப் பார்க்கலாம், 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பதே நல்லது, நடுவில் இருப்பதை அனுபவமுள்ளவர் முடிவு செய்ய வேண்டும். நடுவில் ஒரு சந்தேக இடத்தை விட்டு வைத்தது எனக்குப் பிடித்தது.

காசு கட்டினால் ஆராய்ச்சிப் பேப்பரில் பெயர் போடுகிறேன் என்று சீனியர் ஒருவர் சொன்னதாகச் சொன்னாய். வேண்டாம். இன்டர்வியூவில் அந்தப் பேப்பரில் ஒரு கேள்வி கேட்டால் என்ன சொல்வாய்? "பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு ஆர்த்தோ" என்று சித்தி கேட்பதற்குப் பதில் நான் பார்த்துக்கொள்கிறேன். தியேட்டரில் சி-ஆர்ம் எக்ஸ்ரே ஓடும்போது லெட் ஏப்ரனோடு கழுத்துக் கவசமும் போடு, பிஜிக்கள் போடாவிட்டாலும் நீ போடு.

கடைசியாக, ஆராய்ச்சியில் சேர நோயாளி கையெழுத்துப் போடுகிற சம்மதப் படிவம். நீ வெள்ளைக் கோட்டோடு போய் நின்றால் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் கட்டு பிரிக்க மாட்டார்களோ என்ற பயம். மாட்டேன் என்றாலும் வைத்தியம் அப்படியே நடக்கும் என்பதைப் படிவத்தின் முதல் வரியிலேயே வை, வாயாலும் சொல். கைநாட்டு வைப்பவருக்கு முழுதாகப் படித்துக் காட்டு, சாட்சிக்கு வெளியாள் ஒருவர் வேண்டும். உன் நண்பியைச் சாட்சி போடாதே.

தமிழ்ப் படிவத்தை எழுதியதும் கமிட்டிக்குக் கொடுப்பதற்கு முன் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பு. எதிர்வீட்டுத் தறிக்காரர் வீட்டு அக்காவிடம் படித்துக் காட்டுகிறேன். அவருக்கு எந்த வரி புரியவில்லையோ அதைக் குறித்து அனுப்புகிறேன், மாற்றி எழுது.

அன்புடன்,
அம்மா