மாத்திரையை மாற்றும் முன் எங்களிடம் பேசுங்கள்: குழந்தை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டாக்டர்களுக்கு,

வணக்கம். சி.ஏ.எச். என்ற பிறவி அட்ரீனல் கோளாறு உள்ள பிள்ளையின் அம்மா நான். அட்ரீனல் சுரப்பி போதிய கார்ட்டிசோல் சுரக்காததால், அதற்கு ஈடாகத் தினமும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிறோம். கேட்பது ஒன்றுதான்: எந்த ஸ்டீராய்டு, ஏன் அது என்பதைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதோடு விடாமல் எங்களிடம் விளக்கிச் சொல்லுங்கள்.

ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு உடம்பில் அதிக நேரம் நிற்காது, அதனால் மூன்று வேளை கொடுக்க வேண்டும். மதிய வேளை பள்ளிக்கூடத்தில் வருகிறது, மிஸ்ஸிடம் சொல்லிவைக்க வேண்டும், அவர் லீவு போட்டால் போச்சு. இந்தச் சிரமத்தைச் சொன்னதும் "சரி, பிரெட்னிசலோன் என்ற வேறு ஸ்டீராய்டு தரலாம், வேளை குறையும்" என்பவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நாலைந்து மடங்கு வீரியமானது, வளர்ச்சியை அமுக்குவதில் அதைவிடக் கூடுதல். அதையும்விட வீரியமான டெக்சாமெத்தசோனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வளரும் பிள்ளைகளுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன்தான் என்கிறது எண்டோகிரைன் சொசைட்டி என்ற ஹார்மோன் மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டி. வளர்ந்து முடித்தவர்களுக்கு மாற்றுவது வேறு கதை.

அதற்காக டோஸைக் குறைத்துக்கொண்டே போகவும் முடியாது. ஆண்ட்ரஜன் என்ற ஆண் ஹார்மோன் ஏறி, எலும்பு வயதுக்கு மீறி முதிர்ந்துபோய், இன்று வகுப்பிலேயே உயரமாக நிற்கும் பிள்ளை நாளை எல்லோருக்கும் முன்னால் வளர்ச்சி நின்று குள்ளமாகிவிடும். கூடினாலும் குட்டை, குறைந்தாலும் குட்டை! அதனால்தான் வளர்ச்சி வரைபடத்தையும் எலும்பின் முதிர்ச்சியைக் காட்டும் மணிக்கட்டு எக்ஸ்ரேயையும் எங்களுக்கும் காட்டுங்கள் என்கிறோம்.

கைக்குழந்தை விஷயம் இன்னும் கஷ்டம். ஒரு சதுர மீட்டர் உடல் பரப்புக்கு நாளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்றால், கால் சதுர மீட்டர் குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 1 மில்லிகிராம்தான். 10 மில்லிகிராம் மாத்திரையை வீட்டில் எப்படிப் பத்தாகப் பிரிப்பது? ஐரோப்பாவில் அரை மில்லிகிராமிலிருந்தே குருணையாகக் கிடைக்கிறது. இங்கே சரியாக எடைபோட்டுப் பொட்டலம் கட்டித்தரும் மருந்தகம் எது என்றாவது சொல்லி அனுப்புங்கள்.

அப்புறம் கிரினெசர்ஃபான்ட் என்ற புது மருந்து. 2024 டிசம்பரில் அமெரிக்காவில் 4 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அனுமதி கிடைத்தது முதல் பெற்றோர் எல்லோரும் அதையே கேட்கிறோம். அது ஸ்டீராய்டுக்கு மாற்று இல்லை, ஸ்டீராய்டு டோஸைக் குறைக்க உதவும் துணை மருந்து என்பதை நீங்களே சொல்லிவிட்டால் வீண் நம்பிக்கையாவது மிஞ்சாது.

எந்த மருந்தானாலும் காய்ச்சலுக்கு டோஸை எவ்வளவு கூட்டுவது, வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி எவ்வளவு (3 வயது வரை 25 மில்லிகிராம், 12 வரை 50, அதற்கு மேல் 100) என்பதை ஒரு தாளில், தமிழில், கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுங்கள். ராத்திரி கேஷுவாலிட்டியில் நாங்கள் வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை.